22 டிகிரியில் சோதித்த கார்டும் 35 டிகிரி கடலூர் அறையும்

கணினியில் படத்தையும் வீடியோவையும் கையாளும் கிராபிக்ஸ் கார்டை வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதாகவே இருக்கிறது, கடைக்காரரும் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார். சூடு எவ்வளவு ஏறும், சத்தம் எவ்வளவு வரும், கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றுக்கும் அந்த ஒரு பெயரே விடையாகிவிடுகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கும் எனக்கு இந்தப் போக்கைப் பார்த்துப் பார்த்து ஆத்திரம்தான் மிஞ்சுகிறது. என் தொழிலில் கார்டு என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. முகூர்த்த மாதங்களில் விடிய விடிய அது முழுச் சுமையில் ஓடியாக வேண்டும். அதற்குக் கையெட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்து வேலை பார்த்தாக வேண்டும்.

என்விடியாவும் ஏஎம்டியும் வடிவமைத்துத் தருவது கார்டின் மூளையான சிப்பை. ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஜோட்டாக், சஃபையர், பவர்கலர் போன்ற கம்பெனிகள் அந்தச் சிப்பைப் போர்டில் ஏற்றி, மேலே சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தொகுதியான ஹீட்சிங்க்கும் ஃபேனும் பொருத்தி, பெட்டியில் போட்டு விற்கின்றன. எனவே, ஒரே சிப்பு உள்ள இரண்டு கார்டுகளுக்கு இடையிலான வேறுபாடு என்பது ஹீட்சிங்க்கின் பருமன், அதற்குள் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப்புகளின் எண்ணிக்கை, ஃபேனின் அளவும் தரமும், மெமரி சிப்புகளின் மேல் சூட்டைக் கடத்தும் மெல்லிய மெத்தையான தெர்மல் பேடு ஒழுங்காகப் படிந்திருக்கிறதா என்பது, பழுதானால் பொறுப்பேற்பது யார் என்பது ஆகியவற்றோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றைக்கூடக் கம்பெனியின் பெயரைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியாது. ஜோட்டாக்கா இன்னோ3டியா என்று இரண்டு பேர் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்; இரண்டும் பிசி பார்ட்னர் என்ற ஒரே குழுமத்தின் கீழ் வருபவை.

பெயரை நம்புவதில் உள்ள ஆபத்துக்கு 2019-இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி நல்ல சாட்சி. ஏறத்தாழ 225 வாட் இழுக்கும் கார்டு அது. ஆசுஸ் அதற்காக வெளியிட்ட டஃப் வரிசைக் கார்டின் குளிர்விப்பு மோசம் என்று விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அதைவிட விலை கூடிய ஸ்ட்ரிக்ஸ் வரிசையிலோ ஹீட்சிங்க் சிப்பின் மேல் போதிய அழுத்தத்தோடு உட்காரவில்லை என்பதை ஆசுஸ் கம்பெனியே 2020-இல் ஒப்புக்கொண்டு, திருகுகளை மாற்றி, அழுத்தத்தைக் கூட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு அதே கம்பெனி, அதே டஃப் பெயரில் வெளியிட்ட கார்டு, அந்தத் தலைமுறையின் மிக நல்ல குளிர்விப்புகளில் ஒன்று என்று பாராட்டப்பட்டது. கம்பெனியும் ஒன்று, வரிசையின் பெயரும் ஒன்று, இடைவெளி ஏறக்குறைய ஓர் ஆண்டு, தீர்ப்பு மட்டும் நேர் எதிர். இப்படியிருக்க, "இந்தக் கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுகிறார்.

சென்ற கோடையில் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கார்டு பார்க்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். கடையில் இருந்த பையன் ஆர்டிஎக்ஸ் 4060-இன் மூன்று ஃபேன் மாடல் ஒன்றைக் காட்டி, "மூணு ஃபேன்ணே, சூடே ஆகாது, தைரியமா எடுங்க" என்றான். அந்தச் சிப்பு முழுச் சுமையில் இழுப்பதே 115 வாட்தான். அவ்வளவு சூட்டை ஒழுங்காகச் செய்த இரண்டு ஃபேன் ஹீட்சிங்க் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும். முந்தைய தலைமுறை 3060-க்கு 170 வாட்; அங்கே ஒற்றை ஃபேன் கார்டுக்கும் பெரிய ஹீட்சிங்க் உள்ள கார்டுக்கும் காதில் கேட்கும் வேறுபாடு உண்டு. ஆக, எந்தச் சிப்புக்கு எவ்வளவு குளிர்விப்பு தேவை என்ற கணக்கு வாட்டில் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கைப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஃபேனை எண்ணுவதற்கு மட்டும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கலர் கலராக எரியும் விளக்கைப் பற்றி எழுதியிருந்தது. ஃபேன் பிளேடின் வளைவைப் பற்றி எழுதியிருந்தது. எத்தனை டிகிரி அறையில், எந்தச் சுமையில், எவ்வளவு தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற ஒரு வரி அதில் இல்லை.

நிறைய அளவுகள் இணையத்தில் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறையில் எடுக்கப்பட்டவை. நல்ல விமர்சகர்கள் அறையின் வெப்பத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதை எடுத்துப் பேசும் நம் ஊர் விற்பனையாளர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில், பகலெல்லாம் வெயிலை வாங்கிய மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணிக்கும் கீழே சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று வீசாத இரவென்றால் என் மேசை மேல் இருக்கும் வெப்பமானி 35-ஐ விட்டு அசையாது. எவ்வளவு பெரிய ஹீட்சிங்க்காக இருந்தாலும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சிப்பை அதனால் ஆக்க முடியாது. ஆகவே 22 டிகிரி அறையில் 65 டிகிரியில் நிற்கும் ஒரு கார்டு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றுமானால், 35 டிகிரி அறையில் 78-ஐத் தொடும்.

ஆனால் ஃபேன் அதே வேகத்தில் சுற்றாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சூடு ஏற ஏற வேகத்தைக் கூட்டும்படி கார்டுக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் 78-க்குப் பதிலாக 72-இலோ 73-இலோ கார்டு நின்றுவிடலாம். பார்ப்பவருக்கு "சூடு பரவாயில்லையே" என்று தோன்றும். மிச்சக் கடன் முழுவதும் சத்தமாக நம் காதில் வசூலிக்கப்படும். ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு; 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரு மடங்காகத் தோன்றும். குளிர் அறையில் "சத்தமே இல்லை" என்று பாராட்டப்பட்ட கார்டு இங்கே வந்து இரைவதற்குக் காரணம் இதுவே. வேலை இல்லாதபோது ஃபேன் முற்றிலும் நின்றுவிடும் என்று பெருமையாக விற்கிறார்களே, அந்த வசதியும் நம் ஊர்க் கோடையில் தொல்லையாகிறது. சும்மா இருக்கும்போதே கார்டு ஃபேன் கிளம்பும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதால், ஃபேன் சில நிமிடம் சுற்றுவதும் நிற்பதும் மறுபடி கிளம்புவதுமாக இருக்கும். ஒரே சீராக வரும் மெல்லிய இரைச்சலைவிட இந்த விட்டுவிட்டு வரும் உறுமல்தான் நரம்பைப் பிடுங்குகிறது.

சத்தத்தைப் பற்றிய பேச்சில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. ஒருவர் கார்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி மைக்கை வைத்து அளக்கிறார், இன்னொருவர் 1 மீட்டர் தள்ளி வைத்து அளக்கிறார். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானாலே 6 டெசிபல் குறைந்துவிடும் என்பதால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஆனாலும் ஒப்பிடுகிறார்கள், அதைக் காட்டி விலையும் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்து டீசல் ஜெனரேட்டருக்குக்கூட, அதை மூடிய கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று தூரத்தோடு சேர்த்து விதி இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கு 2023 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் இப்படி எதுவும் இல்லையே, ஏன்?

இங்கே வெளியூர் விமர்சகர் எவருக்கும் தோன்றாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோடையில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதால் கார்டின் சத்தம் அதில் அமுங்கிப் போகும். ஐப்பசி மழை பிடித்ததும் சீலிங் ஃபேனை நிறுத்துவோம். அப்போதுதான் கார்டின் உண்மையான குரல் வெளியே வரும். வீடியோவில் கெட்டிமேளம் முழங்கும் காட்சியில் நாதஸ்வரத்துக்கும் மந்திரத்துக்கும் ஒலி அளவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, இரைச்சலுக்கு நடுவே கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி காதைக் குடையும். அது ஃபேனின் ஒலி அல்ல, போர்டில் உள்ள மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. ஃபேனைக் குறைத்தால் அது போகாது. ஒரே மாடலில் ஒரு கார்டில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. எந்தக் கம்பெனியும் இதிலிருந்து விலக்குப் பெற்றதாக எனக்குத் தெரியவில்லை.

இதே கோளாறோடு என் கார்டைச் சர்வீஸுக்கு அனுப்பினேன். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் "அதுதான் மட்டம், எங்களுடையதை வாங்குங்கள்" என்று இன்னொரு பெயரோடு ஒருவர் வருவார். கார்டு சென்னைக்குப் போய், வேலை முடங்கிக் கிடந்த பல நாட்களுக்குப் பிறகு, "கோளாறு எதுவும் காணப்படவில்லை" என்ற சீட்டோடு அதே கீச்சொலியுடன் திரும்பி வந்தது. படம் தெரிகிறது, சூடு எல்லைக்குள் இருக்கிறது, ஆகவே கார்டு நன்றாக இருக்கிறதாம். சத்தம் குறைவு என்று சொல்லித்தான் அதிக விலைக்கு விற்றார்கள். சத்தம் வந்தபோது அது குறையே அல்ல என்கிறார்கள். இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்?

என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. கடலூர் முதுநகரில் கடலுக்குப் பக்கத்தில் அவர் வீடு. உப்புக் காற்றில் கணினிப் பெட்டியான கேபினெட்டின் திருகே ஓர் ஆண்டில் சிவந்துபோகும் இடம் அது. கார்டைக் கேபினெட்டில் முறுக்கும் உலோகத் தகட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் துரு இருந்தது என்று காட்டி, வாரண்டி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நின்றுபோனதோ ஃபேன், துருப்பிடித்ததோ தகடு. துருவும் ஈரமும் வாரண்டியில் சேராது என்ற விதியைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. கடற்கரையில் இருக்கும் ஊர்களுக்குச் சரக்கை விற்கும்போது அந்த விதியை எவரும் நினைவூட்டுவதில்லை.

காசுக்கு வருவோம். 4060-இன் அமெரிக்க அறிமுக விலை 299 டாலர். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் இடைத்தரகர்களின் பங்கும் சேர்ந்த பிறகு, ஒரே சிப்பின் எளிய மாடலுக்கும் அலங்கார மாடலுக்கும் இடையே பல ஆயிரம் ரூபாய் இடைவெளி விழுகிறது. கூடுதல் காசுக்கு "ஓசி", அதாவது ஓவர்கிளாக், என்று எழுதித் தருகிறார்கள். 2460 மெகாஹெர்ட்ஸ் என்ற பூஸ்ட் வேகத்தை, அதாவது சுமையில் சிப்பு ஏறும் வேகத்தை, சில சதவீதம் ஏற்றுவதுதான் அது. ரெண்டர், அதாவது எடிட் செய்த வீடியோவைக் கணினி முழுப் படமாக ஆக்கும் வேலை, முடிய ஆகும் நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டும். அதே காசை மேலே போட்டால் சில வேளைகளில் அடுத்த பெரிய சிப்பின் எளிய மாடலே கைக்கு வந்துவிடும். மாறாக, ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டு இழுக்கும் மின்சாரத்தின் எல்லையான பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கி, ஃபேன் வேகத்தைக் கையால் வகுத்துவிட்டால், எந்தக் கம்பெனி கார்டானாலும் வேகம் கொஞ்சமே குறைந்து சத்தம் நன்றாகவே தணிகிறது. முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்த கேபினெட்டை மாற்றி, வலை போட்ட கேபினெட் வாங்கினாலும் பலன் உண்டு. ஆனால் மென்பொருளில் கடைக்கு லாபம் இல்லை, கண்ணாடி கேபினெட்டில்தான் லாபம் அதிகம்.

எந்தப் பெயரை வாங்கினாலும் 170 வாட் கார்டு 170 வாட் சூட்டை என் அறைக்குள்தான் கொட்டும். ஹீட்சிங்க் அதைச் சிப்பிலிருந்து எடுத்து என் முழங்காலுக்கு அருகே விடுகிறது, அவ்வளவே. ஆகவே நான் கேட்பது மாயம் எதுவுமில்லை. 35 டிகிரி அறையில், மூடிய கேபினெட்டில், அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு சூடு எவ்வளவு, ஃபேன் வேகம் எவ்வளவு, 1 மீட்டரில் டெசிபல் எவ்வளவு என்று பெட்டியின் மேல் அச்சிடுங்கள். கம்பெனிகள் செய்யும் வரை கடைகளாவது செய்யலாம். திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ கடை வைத்திருக்கும் எவராவது, ஏசி இல்லாத மூலையில் ஒரு சோதனைக் கணினியை வைத்து, நான் வாங்கப் போகும் அதே கார்டை மாட்டி, பில் போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு என் காதால் கேட்க விடுவார் என்றால், பெட்டியின் மேல் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் என் அடுத்த கார்டை அவரிடமே வாங்குவேன். என்னிடம் கேட்டு வருகிற ஒவ்வொரு தம்பியையும் அங்கேயே அனுப்பி வைப்பேன்.