அந்தத் திருகாணியில் கை வைக்காதீர்கள்

"ஸ்குரூவைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரி, அண்ணன்." ஐட்லிங், அதாவது காலை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நிற்கிறது என்று கராஜில் சொல்லி முடிப்பதற்குள், எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் தகட்டின் திருகாணிக்குத் திருப்புளி போய்விடுகிறது. ஏன் இரைகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வயிறு எரிகிறது!

இது கார்புரேட்டர் இல்லை ஐயா. 1990களின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு வால்வு தனி வழியாகக் கூடுதல் காற்றை விட்டு, அதுவே வேண்டுமென்று சுற்றைக் கூட்டும். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூடேற ஏற 800 பக்கம் தானாக இறக்கும். இறங்கவில்லையா, ஒன்று எஞ்சின் இன்னும் சூடாகவில்லை அல்லது சூடான செய்தி காரின் கணினிக்குப் போகவில்லை. இல்லாவிட்டால் எங்கோ ஒரு வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே புகுகிறது. இதில் திருகாணி என்ன பாவம் செய்தது?

என் காருக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். "நம் நாட்டுக்கு இது தேவையில்லை" என்று ஒரு கராஜில் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை மாத விடியலில் புல்லில் உறைபனி படிகிற ஊர். ஏறக்குறைய 82 பாகை வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கிற பொருள் இந்த ஊரில் தேவையில்லையாம்! நானுஓயா தாண்டியும் சூடு காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழும்பவில்லை. எஞ்சின் குளிரிலேயே கிடந்தது, சுற்றும் இறங்கவில்லை. வளைவுகளில் காலை எடுத்தாலும் கார் முன்னே தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்க வேண்டியிருந்தது.

அந்த இரைச்சலுக்குத்தான் இன்னொரு மெக்கானிக் திருகாணியை இறக்கினார். மலையில் இரைச்சல் அடங்கியது உண்மைதான். கித்துல்கல தாண்டி வெக்கைக்குள் இறங்கி, அவிசாவளை நெரிசலில் எஞ்சின் உண்மையாகவே சூடானபோது, குளிருக்கான அந்தக் கூடுதல் காற்று வழி தானாக அடைத்துக்கொண்டது. த்ரொட்டில் தகட்டையோ ஏற்கெனவே இறுக்க மூடியாயிற்று. மூச்சுக்கு வழியில்லாமல் எஞ்சின் நடுவீதியில் அணைந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, பிரேக் மிதி இறுகிவிட்டது, பின் இருக்கையில் அம்மா. இதற்குக் கூலியும் வாங்கினார்கள்!

சோதிப்பது பெரிய வித்தையா? ஆக்சிலரேட்டர் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். முப்பது வருட ரப்பர் குழாய்களை வளைத்தால் வெடிப்பு வாயைத் திறந்து காட்டும். எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங் காற்றுக் குழாயை நசுக்கினால் சுற்று விழுகிறதா? அப்படியானால் அந்தக் காற்று வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. தண்ணீரின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சரை ஓம் மீற்றரில் பார்த்தால் பல ஜப்பான் கார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 300 ஓம் அளவு காட்டும். தண்ணீர் மாற்றியவர் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினாரா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் குமிழி சென்சரை ஏமாற்றிவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பழைய கார்தான் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும். அதைக் கெடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

புதிய தேமோஸ்டாட் போட்டாயிற்று, முள் நடுவில் நிற்கிறது. ஆனால் தொழிற்சாலையில் திருகாணிக்கு வைத்த பூச்சு உடைந்து கிடக்கிறது. அது முன்பு எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. த்ரொட்டில் தகட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து பொருத்தித் தரக்கூடிய ஒருவரைத் தலவாக்கலை, ஹட்டன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.