அந்தப் பவுடர் டப்பாவைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்

வெயில் காலம் வந்தாலே குழந்தை இருக்கும் வீட்டில் பவுடர் டப்பாவுக்கு மவுசு கூடிவிடும். குளிப்பாட்டியதும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, முதுகு என்று வெள்ளை வெளேரென்று கொட்டினால்தான் பெரியவர்களுக்குத் திருப்தி. என்னைக் கேட்டால், கோடையில் குழந்தையின் தோலுக்கு நாம் எதையாவது பூசுவதைவிடப் பூசாமல் இருப்பதுதான் பெரிய உபகாரம்.

வேர்க்குரு ஏன் வருகிறது? வியர்வை வெளியேறும் நுண்ணிய குழாய் அடைத்துக்கொள்கிறது. வெளியே வர வழியில்லாமல் வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குகிறது. மேலாகத் தேங்கினால் பனித்துளி மாதிரி சின்னக் கொப்புளங்கள், அரிப்பு இருக்காது. கொஞ்சம் ஆழத்தில் தேங்கினால் சிவந்து, அரித்து, சுருக் சுருக்கென்று குத்தும். பச்சிளங்குழந்தைக்கு அந்தக் குழாய்களே இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. அதனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சரி, ஏற்கெனவே அடைத்த இடத்தில் பவுடரைக் கொட்டினால் என்ன ஆகும்? சாயங்காலம் குழந்தையின் தாடையை லேசாகத் தூக்கிக் கழுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். பவுடரும் வியர்வையும் அழுக்கும் குழைந்து திரித்திரியாக உருண்டிருக்கும். அதைத் துடைத்தால் அடியில் தோல் ஈரமாய்ச் சிவந்திருக்கும். தட்டும்போது பறக்கிற தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போவது வேறு. குழந்தை மருத்துவர்கள் பவுடரே வேண்டாம் என்று சொல்வது சும்மா இல்லை.

வேர்க்குருவுக்கு மருந்து காற்றுதான். தளர்ந்த பருத்தித் துணி, வீட்டுக்குள் என்றால் அதுகூட வேண்டாம். டயப்பரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். மின்விசிறி ஓடினால் சளி பிடிக்கும் என்று புழுக்கத்தில் போட்டு வைப்பது குழந்தைக்குத் தண்டனை. குளிப்பாட்டிய பிறகு மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கிரீம்களும் அந்தக் குழாய்களை அடைக்கவே செய்யும். அரிப்பு தாங்கவில்லை என்றால் கேலமைன் லோஷன் தடவலாம். ஆனால் யாருக்கோ வாங்கி மீந்துபோன ட்யூபைத் தேடி எடுக்காதீர்கள். பல ட்யூப்களில் ஸ்டீராய்டு இருக்கும். குழந்தையின் மெல்லிய தோல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், நாள்பட்டால் தோல் இன்னும் மெலிந்துபோகும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் வெயில். இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பெண் குழந்தையை 'கறுத்துப்போயிடுவே' என்று உள்ளே இழுக்கிறோம், ஆண் குழந்தையை அதே வெயிலில் விட்டுவிடுகிறோம். வெயிலில் பயப்பட வேண்டியது நிறத்துக்கு இல்லை. புற ஊதாக் கதிர் தோலைச் சுடும். சின்ன வயதில் தோல் கன்றிப்போகிற அளவுக்குச் சுட்டால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். கறுத்த தோலுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டுதான், ஆனால் அதுவும் சுடும். சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் நாம் கவனிப்பதில்லை. தொட்டால் சூடாக இருக்கும், குழந்தை கையை உதறும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும் தொப்பியும்தான் பாதுகாப்பு, சன்ஸ்கிரீனை நம்பி வெயிலில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்) 30 போதும். 30 என்பது வெயிலில் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்குக் காசைக் கொட்டுவதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீரில் விளையாடி வந்தால் உடனே பூச வேண்டும். மேகமூட்டமாக இருந்தாலும் கதிர் ஊடுருவி வரும்.

வெயில் படாமலிருக்க தள்ளுவண்டியைத் துணியால் மூடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காற்றுப் புகாமல் உள்ளே வெப்பம் ஏறிவிடும். மூடாமல் நிழலில் தள்ளிக்கொண்டு போங்கள். சறுக்குமரத்தில் உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் விளையாட்டு வகுப்பு வைக்கிற பள்ளி என்றால், காலையிலோ சாயங்காலமோ மாற்றச் சொல்லி நாலு பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் காது கொடுக்க மாட்டார்கள்.