ஒரு கிலோ சீனி, ஒரு கிலோ கொழுந்து

போன ஞாயிறு அத்தை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை விட்டான். "நாங்க சம்பளத்துல பாதிய வரியா குடுக்குறோம் மச்சான். தோட்டத்துல இருக்கிறவங்க ஒரு சதம் கட்டுறதில்ல. ஆனா வீடு குடு, ரோடு போடுன்னு கேக்குறது மட்டும் அவங்கதான்." கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்காளர் அவன். பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான இதே லயத்தில்தான். அம்மா அடுப்படியில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் பேசவில்லை. விருந்துக்கு வந்தவன் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது பேசுகிறேன். அவன் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

ஹட்டன் டவுனில் நாங்கள் சாமான் எடுக்கும் கடையில் அம்மா பெயரில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அட்டையில் மண்ணெண்ணெய்க் கறை. உள்ளே முதலாளியின் கோழிக் கிறுக்கலில் அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம், நெத்தலி, ரீலோட். பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். வரி என்று ஒரு வரிகூட அந்தக் கொப்பியில் கிடையாது. அத்தை மகன் ஏமாறும் இடம் இதுதான்.

அவன் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் பற்றுச்சீட்டில் வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி, தனியாக அச்சாகி வரும். எங்கள் கடைக்காரர் வற் வரிக்குப் பதிவு செய்கிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. ஆனால் அவருக்குச் சாமான் அனுப்புகிற மொத்த வியாபாரியும் அதைச் செய்கிற கம்பெனியும் பதிவு செய்தவர்கள். அவர்கள் போட்ட 18 சதவீதம் சவர்க்காரத்தின் விலைக்குள் கரைந்துதான் மலை ஏறுகிறது. அரிசி, பாண் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் 2024 ஜனவரியில் வரி 15இலிருந்து 18 ஆனபோது, அதுவரை விலக்கில் இருந்த கேஸும் டீசலும் உள்ளே வந்துவிட்டன. டீசல் உள்ளே வந்தால் பஸ்ஸும் லொறியும் வந்த மாதிரிதான்.

சீனியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீடுகளில் சீனி கொஞ்சம் அதிகமாகவே செலவாகும். விடியற்காலை குளிரில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சாயத் தண்ணி, பத்து மணிக்கு மலையில் ஒன்று, வந்ததும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு மாதம் நாலு கிலோ. 2023 நவம்பரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட வரியைக் கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாயாக்கினார்கள். எங்கள் தோட்டத்தில் நோமுக்கு, அதாவது ஒரு நாளைக்கு விதித்த அளவுக்கு, மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் 50 ரூபாய். அப்படியென்றால் அம்மா வாங்கும் ஒரு கிலோ சீனிக்கு அரசாங்கம் கேட்பது ஒரு கிலோ கொழுந்து. அட்டைக் கடியோடு பறித்த கொழுந்து. கொழும்பு 7இல் பங்களா வைத்திருப்பவரும் கிலோவுக்கு அதே 50 ரூபாய்தான் கொடுக்கிறார். சமத்துவம் என்றால் சமத்துவம்!

இதே சீனி வரியை 2020 அக்டோபரில் 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கியதும் நினைவிருக்கும். அரசுக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் போனது என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். எங்கள் கொப்பியில் சீனி விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை. வரியை இறக்கினால் இலாபம் மேலே நின்றுகொள்ளும், ஏற்றினால் பாரம் கீழே வந்துவிடும். 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 ஆக்கிய கதையும் அதுதான். வருமானம் விழுந்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. பிறகு 8, 12, 15, 18 என்று படியேறியதற்கெல்லாம் காசு கொடுத்தவர்களில் அம்மாவும் ஒருவர்.

அப்புறம் ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி. கடையிலாவது வாங்காமல் இருந்துவிடலாம், இதில் அதுவும் முடியாது. அம்மா சம்பளத்தில் மாதாமாதம் 8 சதவீதம் அதற்குப் போகிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, சேமலாப நிதிகள் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களான பிணைமுறிகளை நீண்ட காலப் பிணைமுறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும், மாட்டோம் என்றால் அவற்றின் வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். புதிய பிணைமுறிக்கு 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. அவர்கள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகிறார்களாம். முப்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் நடந்த இந்த வேலைக்கு அம்மாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அத்தை மகன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சம்பளக்காரனின் வரி கைக்கு வருமுன்பே வெட்டப்படுகிறது. ஹோல் நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்து ரொக்கமாக வாங்கும் டியூஷன் சேர் எவ்வளவு காட்டுகிறார் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கோபம் சரிதான். ஆனால் "பாதி" என்பது கணக்காளர் வாயில் வரக்கூடாத சொல். மாதம் மூன்று லட்சம் வாங்குபவருக்கு 2023இல் மாதாமாதம் 35,000 ரூபாய் வருமான வரி வெட்டினார்கள். டொக்டர்களும் வங்கிக்காரர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், செய்யத்தான் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து அதே மூன்று லட்சத்துக்கு 18,500. குறைத்தது நல்லது. சவர்க்காரத்தின் 18 சதவீதம் மட்டும் அப்படியே நின்றது. அதற்காக வேலைநிறுத்தம் செய்ய ஆள் இல்லை. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் அந்த நாள் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும்.

அவன் கீழே பார்க்கிறான், நான் மேலே பார்க்கச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டின் துறைமுக நகரச் சட்டத்தில், தெரிவு செய்யப்பட்ட வியாபாரங்களுக்கு 40 வருடம் வரை வரிவிலக்கு கொடுக்க இடம் வைத்தார்கள். நாற்பது வருடம் என்பது பேர் பதிந்த நாளிலிருந்து பென்ஷன் வரை ஒரு கொழுந்துக்காரியின் முழு உழைப்புக் காலம். சொத்து வரியும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1958இல் நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளியலாளர் இங்கே வந்து ஆலோசனை சொல்லி, அடுத்த வருடமே செல்வ வரி போட்டோம். 90களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டோம்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் கதவு திறக்கும் பங்களாக்களைப் பார்த்திருப்பீர்கள். மற்ற மாதங்களில் காவல்காரரும் நாயும் மட்டும். அங்கே கைவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பணக்காரருக்கு வரி போட்டால் பணம் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்பார்கள். பணம் ஓடும், பங்களா எங்கே ஓடும்? யார் யாருக்கு எத்தனை வருட விலக்கு, அதனால் போகிற காசு எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கம்பெனியும் விடாமல் வெளியிடட்டும். அதில் மீளும் காசில் முதலில் சீனியையும் சவர்க்காரத்தையும் இறக்கட்டும். மச்சானின் சம்பளத்தில் இன்னும் வெட்டச் சொல்லவில்லை. லயத்துக் காம்பராவுக்கு வரி போடலாமா என்று யாராவது கேட்கக்கூடும். அது எங்கள் பெயரில் இல்லை, இருந்தால் சந்தோஷமாகக் கட்டுவோம்.

2024இல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும், அதன் பெயர் டின் நம்பர் என்றார்கள். 1901இல் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது எந்தத் தோட்டம் என்று எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள், அதற்கும் டின் டிக்கெட் என்றுதான் பெயர். இதைச் சொன்னால் அத்தை மகன் சிரிப்பான்.

நேற்று இரவு இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் தாங்கள் வாங்கும் சாமானுக்குக் கட்டிய வற் வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஏற்றுமதித் தேயிலைக்கு அந்த வரி பூச்சியம் என்பதையும் சொன்னேன். உலகம் முழுக்க அப்படித்தான், அதில் எனக்குக் குறை இல்லை. அம்மா சீனிப் போத்தலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த டின் நம்பர நானும் எடுத்தா, என் சீனிக் காசயும் கழிச்சுக்கலாமா?"