வாய்க்காலில் முழுகினாலும் கங்கைதான்

டெல்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் உண்டு. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை ஹரித்வாருக்குக் கூட்டிப்போவது. விடிகாலையில் மயூர் விஹாரிலோ ஆர்.கே.புரத்திலோ வண்டி ஏறினால் மதியத்துக்குள் ஹர் கி பௌரி படித்துறையில் முழுக்கு, மானசா தேவிக்கு ரோப் கார், சாயங்காலம் ஆர்த்தி, திரும்பும்போது ஆளுக்கொரு கேன் கங்கை. மறுநாள் ஆக்ரா. இந்தப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் கூட்டிப்போகிறவன்தான். ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற ஓர் இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. படித்துறைக்குச் சற்று மேலே இருக்கும் பீம்கோடா கதவணை.

ஏன் என்று கேட்டால், நாம் முழுகும் படித்துறையில் ஓடுவது ஆற்றிலிருந்து திருப்பிவிட்ட தண்ணீர். பெரிய ஆறு கிழக்கே நீல்தாரா என்ற பெயரில் தனியாகப் போகிறது. படித்துறையைத் தொட்டு வரும் கிளை கீழே போய் மேல் கங்கைக் கால்வாய் ஆகிவிடுகிறது. காட்லி என்ற ஆங்கிலேயர் வெட்டி, 1854-இல் திறந்த கால்வாய் அது. கங்கையைக் கட்டிப்போடுகிறார்கள் என்று ஹரித்வார் புரோகிதர்கள் அப்போதே சண்டைக்குப் போனார்கள். காட்லியும் அணையில் ஓர் இடைவெளி விட்டு, படித்துறைகளைச் சீர்செய்து கொடுத்து, பிள்ளையாருக்குப் பூஜையும் போட்டுத்தான் காரியத்தைச் சாதித்தார். பின்னால் மறுபடியும் தடுப்பு கட்டப்போனபோது காங்கிரஸ் தலைவர் மதன்மோகன் மாளவியா சுதேச மன்னர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றார். ஹர் கி பௌரிக்குத் தண்ணீர் தடையில்லாமல் வரவேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது 1916-இல். அதாவது, நாம் "அம்மா கங்கா" என்று கை கூப்பும் தண்ணீர், பேச்சுவார்த்தை நடத்தி வாங்கிய தண்ணீர்.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அப்போ நான் வாய்க்காலிலா முழுகினேன் என்று கேட்கிறார்கள். ஆமாம், வாய்க்கால்தான். அதனால் என்ன? டெல்டாக்காரர்கள் இதைக் கேட்கவே கூடாது. கல்லணையில் ஷட்டரைத் தூக்கினால்தான் நமக்குக் காவிரி. குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று எதில் எவ்வளவு விடுவது என்பதெல்லாம் நீர்வளத் துறைக் கணக்கு. அது ஷட்டர் வழியாக வந்த தண்ணீர் என்று சொல்லி ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி விடாமல் வீட்டுக்குப் போனவர் யாராவது உண்டா? மதகு வழியாக வருவதால் புனிதம் ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை. மதகு என்று ஒன்று இருப்பதையே பார்க்க மறுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் நாம் பார்க்காத நேரத்தில் மற்றவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். 2016-இல் உத்தராகண்ட் அரசு ஹர் கி பௌரி வழியாக ஓடுவது கங்கையே அல்ல, உபரி நீர் போகும் வடிகால் என்று உத்தரவு போட்டது. கங்கைக் கரையோரக் கட்டடங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வைத்த தடையில் ஹோட்டல்களும் ஆசிரமங்களும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதுதான் காரணம். உள்ளூர்ப் புரோகிதர்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். 2020-இல் உத்தரவை ரத்து செய்தார்கள். இடைப்பட்ட நாலு வருஷமும் கோடிக்கணக்கானவர்கள் அரசுக் காகிதப்படி ஒரு வடிகாலில்தான் முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என் பெரியப்பா மன்னார்குடிப் பக்கம். தீபாவளியை ஒட்டி அவரும் பெரியம்மாவும் வந்திருந்தபோது கூட்டிப்போனேன். தசராவுக்கும் தீபாவளிக்கும் இடையில் வருஷாவருஷம் கால்வாயை மூடிவிடுவார்கள். படித்துறையில் முழங்கால் அளவுகூட இல்லை. வறண்ட படுகையில் இறங்கிப் பையன்களும் பெண்களும் காசு சலித்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு தூரம் வந்து இதுலயா முழுகணும்" என்று பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா மட்டும் உற்சாகமாகிவிட்டார்.

"ஏன்டா, மூடிட்டானா?"

"ஆமா பெரியப்பா. தூர் வாருவாங்க."

"வருஷா வருஷமா? நம்மூர்ல தண்ணி வந்தப்புறம்தானடா வாருவான்!"

கதவணைக்குப் போயே ஆகவேண்டும் என்று அவர்தான் அடம்பிடித்தார். கரையில் நின்று எத்தனை கண், எவ்வளவு கன அடி, யார் கட்டுப்பாடு என்று வரிசையாகக் கேள்வி. ஊர் உத்தராகண்டில், கால்வாய் உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையிடம் என்றதும், "அப்போ இங்கயும் அதே பஞ்சாயத்துதான்னு சொல்லு" என்றார். ஆர்த்திக்கு மூன்று மணி நேரம் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்து, நன்கொடை ரசீது புத்தகத்தோடு வருகிறவர்களைச் சமாளிப்பதைவிட அந்த அரை மணி நேரம் எவ்வளவோ மேல்.

ஒரு சின்ன ஊர்ப்பெருமையும் சொல்லிவிடுகிறேன். காட்லியின் கால்வாயை 1860களில் கடுமையாக விமர்சித்தவர் ஆங்கிலேய என்ஜினீயர் ஆர்தர் காட்டன். கல்லணையைப் பார்த்துப் பாடம் படித்து, 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டிய அதே காட்டன். தலைமதகை மலையடிவாரத்தில் ஹரித்வாரில் வைத்ததே தப்பு, இன்னும் கீழே வைத்திருக்கவேண்டும் என்பது அவர் வாதம். காவிரியில் கற்றதை வைத்துக் கங்கையில் சண்டை போட்டிருக்கிறார் மனுஷன்.

சரி, டெல்லிக்கு வருவோம். அந்தக் கால்வாய்த் தண்ணீர் முராத்நகரிலிருந்து குழாய் வழியாக நமக்கும் வருகிறது. சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையம் மட்டும் நாளொன்றுக்கு 14 கோடி காலன் திறன் கொண்டது. கிழக்கு டெல்லியிலும் தெற்கு டெல்லியிலும் ரசம் கொதிப்பது பெரும்பாலும் கங்கையில்தான். பூஜை அலமாரியில் சீல் உடைக்காத கேன், சமையலறையில் மூடாத குழாய். இரண்டும் ஒரே ஆறு. கால்வாய் மூடும் வாரங்களில் யமுனையை வைத்து ஒப்பேற்றுகிறார்கள், சப்ளை குறையும் என்று அறிவிப்பும் வரும். திரும்பத் திறப்பது தீபாவளி ராத்திரி. ஆக, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று மயூர் விஹாரில் ஒருவரையொருவர் விசாரிக்கும்போது, வருஷத்தில் அந்தச் சில நாள் மட்டும் குழாயில் கங்கை இருப்பதில்லை!

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு உறுத்துவது. ஜி.டி. அகர்வால், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்து பிற்பாடு சந்நியாசம் வாங்கியவர். கங்கையில் தண்ணீர் ஓடவிடுங்கள் என்று கேட்டு, ஹரித்வாரின் கன்கல் பகுதி மாத்ரி சதன் ஆசிரமத்தில் 2018 ஜூனில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 111 நாள். அக்டோபர் 11 அன்று இறந்துபோனார், வயது 86. அதற்கு ஓரிரு நாள் முன்புதான் மத்திய அரசு குறைந்தபட்ச நீரோட்ட அறிவிக்கையை வெளியிட்டது. அதன்படி பீம்கோடாவுக்குக் கீழே ஆற்றில் விடவேண்டியது, அக்டோபர் முதல் மே வரை வினாடிக்கு 36 கன மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 1,270 கன அடி. கால்வாய் இழுக்கும் திறன் 10,500 கன அடி. பெரியப்பாவிடம் சொன்னபோது, "கங்கைக்கு இவ்ளோதானா? எங்க வெண்ணாத்துலயே இதைவிட ஜாஸ்தி விடுவான்டா" என்றார்.

அந்த ஆசிரமமும் ஊரிலேயேதான் இருக்கிறது. தட்ச மகாதேவர் கோயிலுக்காகக் கன்கல் வரை போகிறவர்கள்கூட அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கிற நாமே அது யாருடைய பங்கு என்று கேட்காமல் ஆர்த்தியை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எனக்குப் பக்தியாகத் தெரியவில்லை. விவசாயத்துக்கு வேண்டாமா, டெல்லிக்குக் குடிநீர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். காவிரியில் பிறந்து வளர்ந்தவன் கால்வாயே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காவிரியில் நமக்குக் கிடைக்கவேண்டிய கன அடியை விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், கங்கையில் எடுத்துக்கொள்ளும் கன அடியையும் தெரிந்துவைத்திருக்கலாம்.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. வழியில் ரூர்க்கியில் இறங்குங்கள். சோலானி ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி அதன்மேல் கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள், முனைகளில் பெரிய பெரிய சிங்கச் சிலைகள். அதற்கு மண் சுமக்க 1851-இலேயே அங்கே ரயில் எஞ்சின் ஓடியிருக்கிறது, பம்பாய்-தாணே ரயிலுக்கு முன்னாலேயே. டிரைவர் முணுமுணுப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம், தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் போவதாக இருந்தால் தண்ணீர் குறைவாக இருக்கும் என்று பெரியம்மாக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் காசியாபாத் வரை பாட்டு கேட்டுக்கொண்டே வரவேண்டும்.