மார்ச் வந்ததும் பானையைத் திறக்காதீங்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் 45 வயதைத் தாண்டியவர்கள் உள்ள எந்த வீட்டைக் கேட்டாலும் கணக்கு ஒன்றுதான்: பாண்ட் என்கிற வீட்டுக்கடன், பிள்ளையின் யூனிவர்சிட்டி ஃபீஸ், அம்மா அப்பாவின் மருந்து. மூன்றும் ஒரே மாதத்தில் நெருக்கினால் கை நேராகப் போவது பென்ஷன் பணத்துக்கு. அங்கேதான் தப்பு நடக்கிறது.

2024 செப்டம்பர் 1-இல் டூ-பாட் முறை வந்தது: பென்ஷன் பணம் இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பானை, ஓய்வுவரை தொடமுடியாத பானை என்று இரண்டாகப் பிரிந்தது. பழைய சேமிப்பில் 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ரேண்ட், சேமிப்புப் பானைக்கு மாறியது. அதற்கு அரசு வைத்த பெயரே விதைப்பணம்! அன்றிலிருந்து கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அதில் சேர்கிறது. வரியாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். வரியாண்டு மார்ச் 1-இல் பிறப்பதால் பிப்ரவரிக் கடைசியில் ஒருதரம், மார்ச்சில் மறுதரம் எடுப்பவர்களும் உண்டு.

எடுக்கிற தொகை அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். நீங்கள் 31 சதவீதப் படியில் இருந்தால் 30,000-இல் 9,300 போய்விடும். ஃபண்டின் கட்டணம் தனி. வரித்துறையான சார்ஸுக்குப் பழைய பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதி தருவார்கள். அந்த 30,000-ஐத் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தாலே 20 வருடத்தில் ஏறக்குறைய 1,68,000. வீடு ஏலத்துக்குப் போகிற நிலை என்றால் எடுங்கள். டிசம்பர் லீவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வேண்டாம்.

அவசரப் பணத்தைப் பாண்டுக்குள்ளேயே வையுங்கள். 8,00,000 ரேண்ட் கடன், 10.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை 7,987 வரும். மாதம் 1,000 கூடுதலாகக் கட்டினால் பதினாலரை வருடத்தில் முடியும். சுமார் 3,60,000 மிச்சம். ஆக்சஸ் பாண்டாக இருந்தால் ஃபீஸ் கட்ட அந்தக் கூடுதலை வரியில்லாமல் திரும்ப எடுக்கலாம். எல்லா பாண்டிலும் இந்த வசதி கிடையாது, பேங்கில் கேளுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000-க்குள் இருந்தால் முதலில் அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ்ஸுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

அம்மாவை மெடிக்கல் எய்டில், அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டில், சேர்க்கப் பாசம் மட்டும் போதாது. 35 வயதுக்குப் பிறகு காப்பீடு இல்லாமல் கழிந்த வருடங்கள் 25-ஐத் தாண்டினால் அவருக்கான கட்டணத்தில் 75 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கலாம், அதுவும் மாதாமாதம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு 12 மாதம் வரை காத்திருப்பும் வைக்கலாம். தொகையை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். பல வீடுகளுக்கு ஆர்.கே. கான் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் மாத மருந்தை வாங்கிக்கொண்டு, மெடிக்கல் எய்டுக்குப் போகிற பணத்தைத் தனியே சேர்ப்பதுதான் கட்டுப்படியாகும். அண்ணன் தம்பி பங்கு எவ்வளவு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு: வட்டி இறங்கும்போது சில பாண்டுகளில் தவணையும் தானாகக் குறையும். பழைய தொகையையே பிடிக்கச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கொடுங்கள்.