ரோர்ஷாக் நாயகன் அல்ல

'வாட்ச்மென்' என்ற சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கதையின் நாயகன், முகமூடி அணிந்து குற்றவாளிகளை வேட்டையாடும் ரோர்ஷாக்தான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முதல் அத்தியாயத்திலேயே, ஒரு கொலைக்குத் துப்புத் தேடிப் போன மதுக்கடையில் எதுவும் தெரியாத ஒருவனின் விரலை முறிக்கிறான். துப்பு ஒன்றும் கிடைக்காமலே வெளியேறுகிறான். கதாசிரியர் ஆலன் மூர் அவனை வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையாகத்தான் படைத்தார். வாசகர்கள் பலர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது வேறு கதை.

டேவ் கிப்பன்ஸின் ஓவியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோலக் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும். ஆனால் என்னை உலுக்கியது சூப்பர் ஹீரோக்கள் அல்ல. பத்திரிகைக் கடைக்காரரும், அங்கே ஓசியில் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கும் பையனும்தான். நியூயார்க் அழியும் நொடியில் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்கள் அந்தக் கடைக் காட்சிகளை அவசரமாகப் புரட்டிவிட வேண்டாம்.