சைக்கிள் வானொலியும் கிணற்றுக் கொப்பியும்

எங்கள் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள், போர் வளர்த்த பிள்ளைகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. போர் எங்களிடமிருந்து எடுத்தவை ஏராளம். ஆனால் என்னை நானாக்கியது, யாழ்ப்பாணத்தில் 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்கால இரவுகளில், பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஸ்ராண்டில் நிறுத்தியிருந்த சைக்கிள்தான்.

மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் பாவித்தோம். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைச் சனம், ஒருவர் மிதிக்க, டைனமோவில் ஓடிய வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டது. மிதிப்பது பெரும்பாலும் என் வேலை. டைனமோ தருவது திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் நேரோட்டம் என்பதைப் பாடநூலுக்கு முன்பே கை அறிந்துகொண்டது. பழுதான வானொலியிலிருந்து கழற்றிய மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் நான்கு இருவாயிகளை (டயோட்) பாலமாக இணைத்து, சிரட்டைக் கரியில் காய்ச்சிய கம்பியால் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றையும் பற்றாசு வைத்தபோது, அதுவரை குரலோடு சேர்ந்து வந்த இரைச்சல் அடங்கியது. மிதி தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் அமிழும். வேகம் கூடினால் கரகரக்கும். முற்றத்தில் பெரியவர்கள் மூச்சடக்கிக் குந்தியிருக்க, குரல் பிசகாத வேகத்தைக் கால்கள் தாமாகவே பழகிக்கொண்டன. விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிகிற பிள்ளையாகிய எனக்கு, அந்த அரைமணி நேரத்தில் மட்டும் பயம் வந்ததில்லை. 1995 ஒக்டோபரில் ஊரை விட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, என் உடுப்புப் பைக்குள் அந்த இருவாயிகளும் இருந்தன.

தடை நல்லது செய்தது என்று நான் சொல்லவில்லை. அதே இரவுகளில் பேச்சே குறைந்துபோன பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். எனக்கு வாய்த்து அவர்களுக்கு வாய்க்காதது ஒன்றுண்டென்றால், அது பெரியப்பாதான். வீட்டில் வேலைசெய்த ஒரேயொரு வானொலியை நான் கழற்றியபோது அவர் தடுக்கவில்லை, இதனால் என்ன பயன் என்றும் கேட்கவில்லை. ஆணிகள் தொலையாதிருக்கச் சிரட்டை ஒன்றை மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இப்போது அந்தக் கேள்வியை நாங்கள்தான் பிள்ளைகளிடம் கேட்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரை, ரியூஷனுக்கு வெளியே பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சுவதில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மருமகன், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, ஒழுங்கையிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கிழமைதோறும் அளந்து கொப்பியில் எழுதுகிறான். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழையையே நம்பியிருக்கும் குடாநாட்டில், இது எனக்கு வீண்வேலையாகத் தெரியவில்லை. தங்கைக்கோ அவனுடைய கணித வகுப்புத்தான் கவலை. அந்தக் கவலை பொய்யானதும் அல்ல.

"வகுப்புக்குப் போகட்டும், ஆனால் கொப்பியை மட்டும் பறிக்காதே பிள்ளை" என்று அவளிடம் சொன்னேன். சென்ற ஞாயிறு வகுப்பு முடிந்து வந்தவனோடு நானும் போனேன். கிணற்றுக் கட்டில் குனிந்து நின்று அவன் முடிச்சுகளை எண்ண, கயிற்றின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.